சமையற்காரன் திரும்பி வரவில்லை

அந்த மாலையை நான் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்பதில் எனக்கே சந்தேகம் உண்டு. மழை பிடித்துக்கொண்டிருந்தது என்று நான் சொல்வேன். மழையாவது ஒன்றாவது, புழுக்கம் தாங்கவில்லை என்பார் அப்பா. அத்தையைக் கேட்டால், "அந்த சீரியல முடிச்ச லட்சணத்துக்கு இடியே விழுந்திருக்கணும்" என்பாள்.

ஒரே அறையில் உட்கார்ந்திருந்தோம். ஆனாலும் ஆளுக்கொரு மாலையாக அது மனதில் தங்கிவிட்டது.

பேசிய பேச்சு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பேசாமல் இருந்த நேரம் அதைவிட நன்றாக.

எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். இருந்தாலும் ஒரு முறை சொல்லிவிடுகிறேன்.

அப்பாவுக்குக் கப்பலில் எஞ்சின் அறையில் வேலை. அவர் நடுக்கடலில் இருந்தபோதுதான் அம்மா நோயில் படுத்துவிட்டாள். நான் வேலைப் பயிற்சிக்காக வெளியூரில் இருந்தேன். அப்பாவின் அக்கா, அதாவது என் அத்தை, வந்து அம்மாவைப் பார்த்துக்கொண்டாள். கப்பலிலிருந்து அப்பா போன் செய்யும்போதெல்லாம் அத்தை ஒரே பதிலைத்தான் சொன்னாள்: "நல்லாத்தான் இருக்கா."

அவர் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. நானும் முடிந்த பிறகுதான் வந்தேன். அம்மாவின் கடைசி நாளில் அந்த அறையில் இருந்தது அத்தை ஒருத்தி மட்டும்.

அன்று என்ன நடந்தது என்று அப்பா கேட்கவில்லை. அத்தை சொல்லவில்லை. இருவருக்கும் நடுவில் நின்றுகொண்டு நானும் வாயைத் திறக்கவில்லை.

அப்பா கப்பல் வேலையை விட்டார். அத்தை ஊர் திரும்பாமல், தெருமுனையில் இருக்கும் பல் டாக்டரிடம் வேலைக்குச் சேர்ந்தாள். வருகிறவர்களின் பெயரை எழுதிக்கொண்டு உட்கார வைப்பதும், "வலிக்கவே வலிக்காது, எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும்" என்று சொல்வதும் அவள் வேலை. ஒரே கூரையின் கீழ் அக்காவும் தம்பியும் வருடக்கணக்கில் ஒருவரோடொருவர் நேராகப் பேசிக்கொள்ளவில்லை. சண்டை போட்டிருந்தால் சமாதானம் ஆகியிருக்கலாம். சண்டையே போடவில்லை.

ஆனால் மாலையில் சீரியல் ஓடும்.

முதலில் அத்தை மட்டும் பார்த்தாள். ஒரு நாள் தண்ணீர் குடிக்க வந்த அப்பா சுவரில் சாய்ந்து நின்றார். மறுநாள் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். பிறகு சோபாவின் அந்தக் கோடி அவருடையது, இந்தக் கோடி அத்தையுடையது என்றாகிவிட்டது.

"அந்தப் பெரிய மருமகன் பிரஷர் மாத்திரையே போடறதில்ல. ஒரு நாள் பொத்துனு விழப்போறான்" என்பாள் அத்தை, டிவியைப் பார்த்து. அப்பா எழுந்து போய்த் தன் மாத்திரையைப் போட்டுக்கொண்டு வருவார்.

"கால் வீங்கிப் போயிருக்கு, லீவு போடாம வேலைக்குப் போறா பாரு. என்ன பொம்பளையோ" என்பார் அப்பா, கதாநாயகியைப் பற்றி. கதாநாயகியின் கால் கம்பி மாதிரி இருக்கும். மறுநாள் அத்தை கிளினிக்குக்கு லீவு சொல்லிவிடுவாள்.

அந்தக் கதையில் ஒரு சமையற்காரன் இருந்தான். பெரிய வீடு. அந்த வீட்டுப் பெரியவர் சாகும்போது பக்கத்தில் இருந்தது அவன் ஒருவன்தான். அவர் என்ன சொன்னார் என்பது அவனுக்கு மட்டுமே தெரியும். காரியம் முடிந்ததும் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டான். அதன் பிறகு எத்தனையோ கல்யாணங்கள், ஒரு தீ விபத்து, மாறிப்போன இரட்டைக் குழந்தைகள் என்று கதை எங்கெங்கோ ஓடியது. எல்லோரும் சமையற்காரனை மறந்தார்கள். அப்பா மறக்கவில்லை.

"வருவான்" என்பார். "வராம எங்க போவான்?"

அத்தை அந்தப் பேச்சுக்கு மட்டும் பதில் சொன்னதில்லை.

அந்த சீரியலின் கடைசி நாள் அன்று. மறுநாள் காலையில் அத்தையின் மகன், என் அத்தான், அவளைத் தன்னோடு அழைத்துப்போக வருவதாக இருந்தது. கிளினிக்கில் சொல்லிவிட்டு வந்துவிட்டாள். சீரியலும் முடிந்து அத்தையும் போய்விட்டால் இந்த இரண்டு பேரும் இனி எதன் வழியாகப் பேசுவார்கள்? அம்மாவின் அந்தக் கடைசி நாள் யாரிடமும் சொல்லப்படாமலே போய்விடுமா? காலையில் கண் விழித்ததிலிருந்து எனக்கு இதே நினைப்புதான்.

நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன். ஃபிரேமில் லென்ஸ் பொருத்துவது என் பொறுப்பு. அன்று கடை திறந்ததும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர் வந்து நின்றார்.

"என் கண்ணாடி சாயங்காலத்துக்குள்ள வேணும்."

"நாளைக்குத்தான மேடம் வரச் சொல்லியிருந்தோம்?"

"நாளைக்கு எனக்கு எதுக்கும்மா கண்ணு? இன்னைக்குத்தான கடைசி."

எதன் கடைசி என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அடித்திருப்பார்.

பக்கத்தில் ஃபிரேம் பார்த்துக்கொண்டிருந்த பேங்க் காசாளர் ஒருத்தி திரும்பினாள். "நீங்களும் பாக்கறீங்களா மேடம்? அந்த வில்லி இன்னைக்குச் சாகணும். அப்பதான் எனக்குத் தூக்கம் வரும்."

"சாகக் கூடாது. திருந்தணும்."

"திருந்தற மூஞ்சியா அது?"

"ரெண்டும் நடக்காது" என்றார் கல்லாவில் இருந்த எங்கள் முதலாளி. "தப்பிச்சு ஓடுவா. ரெண்டாம் பாகம் எடுப்பாங்க."

இரண்டு பெண்களும் அவரைப் பார்த்த பார்வையில் அவர் பேனாவைத் தேட ஆரம்பித்தார்.

கண்ணாடி தயாரானதும் தலைமையாசிரியை அதைப் போட்டுக்கொண்டு தெருவை ஒரு முறை பார்த்தார். பிறகு என் பக்கம் குனிந்து மெல்லச் சொன்னார்: "எனக்கு அந்த வில்லி எக்கேடு கெட்டாலும் சரி. கடைசிப் பொண்ணு இருக்கால்ல, அவ காலேஜ் போனாளான்னு மட்டும் காட்டிட்டா போதும்."

"ஏன் மேடம், அது மட்டும்?"

"என் பொண்ண நான் அனுப்பல" என்றார். பில்லை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

நான் வெகுநேரம் அடுத்த ஃபிரேமைக் கையில் எடுக்கவில்லை. கதை எழுதுகிறவர் எங்கோ ஒரு மேசையில் உட்கார்ந்து எழுதுகிறார். அவருக்கு இந்த அம்மாளைத் தெரியாது. அவருடைய கடைசிப் பெண், அந்தக் கதைக்கு ஒரு துணைப் பாத்திரம். அவ்வளவுதான். ஆனால் இந்த அம்மாள் இத்தனை வருடங்களாகத் தன் மகளை அங்கே உட்கார வைத்துப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

அப்பாவின் சமையற்காரன் அப்போதுதான் எனக்குப் புரிந்தான். இவ்வளவு நாள் புரியாமல் இருந்தது வெட்கமாக இருந்தது.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தபோதே சத்தம் கேட்டது. மாடி வீட்டு அக்கா தன் குஷனோடு வந்து சோபா நடுவில் உட்கார்ந்திருந்தாள். அவள் வீட்டு டிவி சின்னது. முடிவைப் பெரிய டிவியில்தான் பார்ப்பேன் என்று ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அப்பா நாற்காலிக்கு அடியில் தலையை விட்டிருந்தார். அத்தை அலமாரிக்குப் பின்னால் கையை விட்டிருந்தாள்.

"ரிமோட் எங்கன்னு உங்க அத்தைகிட்ட கேளு" என்றார் அப்பா, என் காலைப் பார்த்து.

"தெரிஞ்சா சொல்ல மாட்டேனான்னு உங்க அப்பாகிட்ட சொல்லு."

"கடைசியா யார் கையில இருந்துச்சுன்னு கேளு."

"அய்யோ சாமி!" என்றாள் மாடி வீட்டு அக்கா. "ரெண்டு பேரும் கை நீட்டினா தொடற தூரத்துல நிக்கறீங்க. நடுவுல இந்தப் பொண்ணு என்ன தபால் ஆபீஸா?"

டிவியில் இருக்கும் பொத்தான் எப்போதோ உள்ளே போய்விட்டது. ரிமோட் இல்லாவிட்டால் டிவி வெறும் கறுப்புக் கண்ணாடி.

அத்தைக்கு ஒரு வழக்கம் உண்டு. அப்பாவின் கையில் ரிமோட் கிடைத்தால் கடல் வானிலைச் செய்திக்கு மாற்றிவிடுவார். கரைக்கு வந்த பிறகும் அலை எவ்வளவு உயரம் என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டும். அதனால் அத்தை ரிமோட்டைத் தன் ஸ்வெட்டர் கைக்குள் செருகி வைப்பாள். அன்று மத்தியானம் ஸ்வெட்டர்களை எல்லாம் மடித்துப் பெட்டியில் அடுக்கிப் பூட்டிவிட்டாள்.

அது நினைவுக்கு வந்ததும் அவள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். எதுவும் சொல்லாமல் பெட்டிச் சாவியை மேசையில் வைத்தாள்.

அப்பா தரையில் மண்டியிட்டுப் பெட்டியைத் திறந்தார். ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தார். ஸ்வெட்டர்கள். குடை. கிளினிக்கில் போடும் வெள்ளைக் கோட்டு. வெந்நீர்ப் பை. அடியில் அவளுடைய தலையணை.

தலையணையைக் கையில் வைத்துக்கொண்டு அவர் அப்படியே இருந்தார்.

"தலையணையக்கூட எடுத்துட்டுப் போறாங்க" என்றார். என்னிடம் சொன்னதாகத் தெரியவில்லை.

"வேற தலையணையில எனக்குத் தூக்கம் வராதுன்னு சொல்லு."

நான் சொல்லவில்லை. அவருக்குத்தான் கேட்டுவிட்டதே.

"ஆரம்பிச்சிருப்பாங்க, ஆரம்பிச்சிருப்பாங்க!" என்று மாடி வீட்டு அக்கா தொடையில் தட்டிக்கொண்டிருந்தாள். ஒரு ஸ்வெட்டரின் கைக்குள்ளிருந்து ரிமோட் விழுந்தது.

பயந்த அளவுக்கு ஒன்றும் போய்விடவில்லை. முதல் பாதி முழுக்கப் பழைய காட்சிகளையே ஓட்டினார்கள். யார் யாரோ அழுதார்கள். பெரியவர் செத்த காட்சியும் வந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் சமையற்காரன் குனிந்து காது கொடுத்தான். அப்பா சோபா நுனிக்கு வந்துவிட்டார்.

பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தன. மூடிய கம்பெனியைத் திறந்தார்கள். இரட்டையர் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். வில்லி கதாநாயகியின் காலில் விழுந்தாள். எழுந்தபோது வேறு ஆளாக இருந்தாள். ஒரு கல்யாணம். முடிந்ததும் எல்லோரும் வரிசையாக நின்று எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். பாட்டு உயர்ந்தது. நன்றி என்று எழுத்து வந்தது.

மாடி வீட்டு அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஒரு குறையும் இல்லாம முடிச்சுட்டாங்க. எனக்கு மனசே நெறைஞ்சு போச்சு." குஷனை எடுத்துக்கொண்டு, அத்தையைக் கட்டிப் பிடித்து, "போய்ட்டு வாங்க அக்கா, மறந்துடாதீங்க" என்று இன்னும் கொஞ்சம் அழுதுவிட்டுப் படியேறிப் போனாள்.

அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவள் கேட்டது ஒரு கல்யாணம். அது நடந்துவிட்டது.

அப்பா டிவியின் சத்தத்தை நிறுத்தினார். விளம்பரத்தில் ஒரு குழந்தை சத்தமில்லாமல் சோப்பைக் காட்டிக்கொண்டிருந்தது.

"சமையக்காரன் எங்க?" என்றார்.

அத்தை விளம்பரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இத்தன வருஷம் ஒருத்தனுக்காக நம்மள உக்கார வச்சுப் பாக்க வச்சாங்கல்ல? அவன் எங்க போனான்னு ஒரு வார்த்தை சொல்ல வேணாமா? எல்லாரையும் வரிசையா நிக்க வச்சாங்க. அவன மட்டும் மறந்துட்டாங்க."

அத்தை தரையில் கிடந்த ஸ்வெட்டர்களை மடிக்க ஆரம்பித்தாள். ஒன்றை மடித்தாள். அதையே பிரித்து மறுபடியும் மடித்தாள்.

"மறந்திருக்க மாட்டாங்க" என்றாள், டிவியைப் பார்த்து. "அவன்கிட்ட சொல்றதுக்கு ஒண்ணும் இல்லாம இருந்திருக்கும்."

அப்பா திரும்பவில்லை. அவரும் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"காதுகிட்ட குனிஞ்சானே."

"குனிஞ்சான். அந்தப் பெரியவரு ஒண்ணுமே சொல்லலைன்னா? எல்லாரும் என்ன சொன்னாரு, என்ன சொன்னாருன்னு கேப்பாங்க. இவன் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வருவான்?"

"ஒண்ணும் சொல்லலைன்னு வந்து சொல்லலாம்ல?"

விளம்பரம் முடிந்து செய்தி வந்துவிட்டது. யாரோ வாயை அசைத்துக்கொண்டிருந்தார். நான் எழுந்து போய்விட வேண்டும் என்று நினைத்தேன். போகவில்லை.

"அக்கா" என்றார் அப்பா.

வருடங்களுக்குப் பிறகு அந்த வார்த்தை. இவ்வளவு நாளும் "உங்க அத்தை" தான்.

"வலிச்சுதா அவளுக்கு?"

எறும்பு கடித்த மாதிரி என்று அத்தை சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். ஊரில் பாதிப் பேருக்கு அதைச் சொன்னவள் அவள்.

"காலையில வலிச்சுது" என்றாள். "ரொம்ப வலிச்சுதுடா. கட்டில் கம்பிய விடல. அப்புறம் ஊசி போட்டாங்க. மத்தியானத்துக்கு மேல வலி இல்ல. அது சத்தியம்."

அப்பா தலையை ஆட்டினார்.

"என்னக் கேட்டாளா?"

"கேக்கல." அத்தை மடித்த ஸ்வெட்டரை மடியில் வைத்துக்கொண்டாள். "உன்னப் பத்தி ஒரு வார்த்தை சொல்லல. நீ வந்து செருப்பக்கூட கழட்டாம வாசல்ல நின்ன பாரு, அப்ப நீ கேட்டுடுவியோன்னு எனக்கு உயிரே இல்ல. ஏதாவது கட்டிச் சொல்லியிருக்கலாம். உன்னத்தான் நெனச்சுக்கிட்டே இருந்தான்னு சொல்லியிருக்கலாம். போன்ல அத்தன பொய் சொன்னேன். இன்னும் ஒண்ணு சொல்ல எனக்கு வாய் வரல."

"போன்ல ஏன் சொல்லல?"

"அவதான் சொல்லாதன்னா. நடுக்கடல்ல இருக்கான், எறங்கியா ஓடி வர முடியும், கீழ எஞ்சின்கிட்ட நின்னு தலையில அடிச்சுக்குவான்னா. அவ சொன்னாங்கறதுக்காக நான் கேட்டிருக்கக் கூடாது."

"வந்திருக்க முடியாதுதான்" என்றார் அப்பா. பிறகு, "அடிச்சுக்கறதுக்காவது எனக்கு நேரம் கெடச்சிருக்கும்" என்றார்.

"தப்புதான்டா."

"ம்."

செய்தியில் ஒரு வரைபடம் வந்தது. அலைகள் எவ்வளவு உயரம் என்று காட்டினார்கள். அப்பா அதைப் பார்க்கவில்லை.

"பின்ன என்னதான் பேசினா?"

"தலை வாரி விடச் சொன்னா."

அப்பா இப்போதுதான் அவள் பக்கம் திரும்பினார்.

"படுத்தே கெடந்தால்ல, ஒரே சிக்கு. பின்னாடி, கழுத்துகிட்ட."

"அங்கதான் விழும்" என்றார் அப்பா. "எப்பவும் அங்கதான்."

"சீப்ப வச்சேன். ஐயோன்னா. 'தலை வாரச் சொன்னா மண்டைய புடுங்கறியே, உன்கிட்ட போய் சொன்னேன் பாரு'ன்னு திட்டினா. சரி தாயே, கோவிச்சுக்காதன்னு விரலாலயே ஒவ்வொரு முடியா எடுத்தேன். எடுத்து முடிக்கறதுக்குள்ள தூங்கிட்டா. அவ்வளவுதான். அப்புறம் எழுந்திருக்கல."



"அப்ப கடைசியா உன்னத் திட்டிட்டுத்தான் போயிருக்கா."

"ஆமா."

"மண்டைய புடுங்கறியேன்னா?"

"ஆமாடா."

அவர் சிரித்தார். முதலில் மூக்கு வழியாக ஒரு சத்தம்தான் வந்தது. பிறகு தோள் குலுங்கியது. "அவளேதான்" என்றார். "அப்படியே அவதான்." சிரித்துக்கொண்டே இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். கைகளை வெகுநேரம் எடுக்கவில்லை.

அத்தை எழுந்துபோய் சோபாவின் அவருடைய கோடியில், அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். தொடவில்லை. முதுகில் தட்டிக் கொடுக்கவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தாள்.

நானும் அப்போதுதான் கேட்கிறேன். அந்த அறை, அந்தக் கட்டில், அந்தக் குரல். பெரிதாக ஏதோ ஒன்று அங்கே நடந்திருக்கும், யாரோ அதை எனக்குத் தராமல் வைத்திருக்கிறார்கள் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். ஒரு சிக்கும் ஒரு திட்டும்தான் இருந்தன. எனக்கு அது குறைவாகத் தோன்றவில்லை.

பெட்டியை மறுபடி அடுக்கும்போது அப்பாவும் உதவினார். இருவரும் நேராகப் பேசிக்கொண்டார்கள், முக்கால்வாசி சண்டை. குடையை எந்தப் பக்கம் வைப்பது என்பதற்கே ஒரு சண்டை. நான் தபால் ஆபீஸ் வேலையை விட்டுவிட்டுப் படுக்கப் போனேன்.

மறுநாள் அத்தான் வந்தார். அத்தை போனாள். இருந்துவிடு என்று அப்பா சொல்லவில்லை. சொல்வார் என்று அவள் எதிர்பார்த்தாளா என்பது எனக்குத் தெரியாது.

மாடி வீட்டு அக்கா அதே நேரத்தில் புதிதாகத் தொடங்கிய சீரியலைப் பார்க்கிறாள். இதற்குப் பழையதே பரவாயில்லை என்கிறாள். தலைமையாசிரியை கடைக்கு வந்து, கடைசிப் பெண்ணை வரிசையில் நிற்க வைத்ததோடு சரி, காலேஜ் பேச்சே இல்லை என்று, கதையை நான் எழுதியதைப் போல என்னிடம் சண்டை போட்டார். பிறகு, தன் மகளை வரச் சொல்லியிருப்பதாகச் சொன்னார். அப்பா படகு பழுதுபார்க்கும் ஒரு பட்டறையில் பாதி நாள் வேலைக்குப் போகிறார். மாலையில் அத்தையோடு போனில் பேசுகிறார். டிவி போடுவதில்லை.

நேற்று அத்தான் எனக்குத் தனியாகப் போன் செய்தார். அத்தைக்கு நெஞ்சில் ஏதோ இருக்கிறதாம், டாக்டர் பெரிய ஆஸ்பத்திரியில் சோதனை எடுக்கச் சொல்லியிருக்கிறாராம். "மாமாகிட்ட சொல்லாதங்கறாங்க அம்மா. கேட்டா நல்லாத்தான் இருக்கேன்னு சொல்லிடுன்னாங்க."

நான் அப்பாவிடம் சொல்லிவிட்டேன். அவர் இன்று காலை முதல் பஸ்ஸைப் பிடித்துவிட்டார். இன்னும் போய்ச் சேர்ந்திருக்க மாட்டார்.